டிக் அடிக்காத பெயர்

மீனம்பாளுக்கு வாய்க்கு முன்னால் கை நீண்டுவிடும். செஞ்சியில் இது தெரியாதவர்கள் குறைவு. பேரூராட்சிப் பூங்காவைப் பெருக்குகிற வேலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அவளிடம் அடி வாங்கியவர்களை வரிசையில் நிறுத்தினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிற்பார்கள். குடித்துவிட்டு ஊஞ்சலில் மல்லாந்து கிடந்த லாரி டிரைவர், பெஞ்சுக் கம்பியை அறுக்க வந்த இரண்டு பேர், காலை ஆட்டிக்கொண்டே "இன்னாம்மா, கக்கூசு கழுவிட்டியா?" என்று கேட்ட ஒப்பந்தக்காரரின் மச்சான். மச்சானுக்கு விழுந்தது துடைப்ப அடிகூட இல்லை, கக்கூஸ் பிரஷ் அடி. அதற்காகப் பத்து நாள் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வரவில்லை. பதினோராம் நாள் அவர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

ஆனால் அந்தப் பூங்காவில் அவள் கையால் அதிகமாக அடி வாங்கியது மனுஷர் யாரும் இல்லை. ஓர் இன்ஜின்.

பூங்காவின் நடுவில், ராஜகிரி மலையைப் பார்த்த மாதிரி, சிமெண்டு மேடை கட்டி, மேலே தகரக் கூரை போட்டு அதை நிறுத்தியிருக்கிறார்கள். கிணற்றில் இருந்து தண்ணீர் இறைத்த பழைய ஆயில் இன்ஜின். ஆள் மார்பு உயரத்துக்கு இரண்டு சக்கரம், உடம்பெல்லாம் பச்சைப் பெயிண்டு, சக்கரத்துக்குச் சிவப்பு. திண்டிவனம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் குரு நாலு மாதம் பாடுபட்டு அதை ஓட வைத்தான். சக்கரத்தில் பழைய பெல்ட்டையே மாட்டி, பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாயையும் வைத்து, சுற்றிவிடுகிற இரும்பு ஹாண்டிலை மேடையின் பின்சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தான். மாட்டுப் பொங்கல் அன்று ஒரு அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுவார்கள். மற்ற நாளில் அது சும்மா நிற்கும். பீப்பாய் காலியாக இருக்கும். முன்னால் ஒரு பித்தளைத் தகட்டில், இதை ஊருக்குக் கொடுத்த பெரிய வீட்டுக்காரரின் பெயர், அவர் அப்பா பெயர், தாத்தா பெயர் மூன்றும் இருக்கும். நிலத்தை எல்லாம் மனை போட்டு விற்ற பிறகு அந்த இன்ஜினை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கொடுத்தார். சால்வை போட்டார்கள்.

சால்வை போட்ட அன்று மாலையே மீனம்பாள் துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மேடை ஏறி, அந்தச் சக்கரத்தை மூன்று போடு போட்டாள். அன்று தொடங்கியது. தினம் காலையில் மூன்று. பார்த்தவர்கள் பைத்தியம் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்?

அந்த இன்ஜினை ஓட்டியவர் அவள் அப்பா ஆதிமூலம். அனந்தபுரம் போகிற வழியில் பெரிய வீட்டுக்காரரின் கிணறு. ஆதிமூலத்துக்கு ஒரு காணி நிலம்கூடக் கிடையாது, ஆனால் அடுத்தவன் நிலத்துக்கு முப்பது வருஷம் தண்ணீர் கட்டினார் மனுஷர். இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் பீப்பாயில் தண்ணீர் இருக்கிற வரைக்கும்தான் அது சூடு தாங்கும். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து அந்தப் பீப்பாயை நிரப்புவது மீனம்பாளின் வேலை. அப்போது அவளுக்குப் பதினாலு வயது. ஒரு மாசி மாதம், மேல்மலையனூர்த் தேருக்குப் போகிற வண்டிகளை ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்த்தவள் பார்த்தவள்தான், பீப்பாயை மறந்தே போனாள். அப்பா வயலுக்குள் மடை திருப்பிக்கொண்டிருந்தார். இன்ஜின் காய்ந்து, கருகிய நாற்றம் அடித்து, ஒரு பெரிய முனகலோடு இறுகி நின்றுவிட்டது.

பெரிய வீட்டுக்காரர், அதாவது சால்வை வாங்கியவரின் தாத்தா, வந்து பார்த்தார். சக்கரத்தில் இருந்து பெல்ட்டை உருவினார். நாலு விரல் அகலம், மாட்டுத் தோல் கனம்.

"எவன்டா பீப்பாய்க்குத் தண்ணி ஊத்தாதது?"

"நான்தான் சாமி. மறந்துட்டன்" என்றார் ஆதிமூலம்.

மீனம்பாள் பத்தடி தள்ளி ஆமணக்குச் செடிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பெல்ட் முதுகில் விழுகிற சத்தம் எப்படி இருந்தது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியும். ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். வேலையாட்கள் பத்துப் பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். 'நான்தான் ஊத்தல' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பா கீழே விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர், "கஞ்சி இருந்தா ஊத்து பாப்பா" என்றார். அதைத் தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீப்பாயை நிரப்ப வேண்டியது யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அடுத்த தை பிறப்பதற்குள் இருமி இருமி இரத்தம் கக்கிச் செத்துப்போனார். நெஞ்சில் சீக்கு என்றார் டாக்டர். டாக்டருக்கு ஆமணக்குச் செடி தெரியுமா?

தம்பி இளையபெருமாளுக்கு அப்போது நாலு வயது. அம்மா செங்கல் சூளைக்குப் போனாள், தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது மீனம்பாள். கட்டிக் கொடுத்த இடமும் நன்றாகத்தான் வாய்த்தது. ஆறு வருஷம் புருஷனிடம் மிதி வாங்கினாள். ஏழாவது வருஷம் ஒரு நாள் உலக்கையை எடுத்து அவன் தோள்பட்டையில் இறக்கினாள். எலும்பு முறிந்தது. அவன் அலறியதைக் கேட்டபோது அவளுக்கு ஒன்று புரிந்தது: வாயைத் திறப்பதைவிடக் கையை ஓங்குவது எவ்வளவோ சுலபம். அன்றே துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இளையபெருமாள் நல்லவன். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவலூர்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், பீடிகூடக் கிடையாது, அக்கா சொல் தட்டமாட்டான். அவனுக்கு ஒரே மகள், கலைச்செல்வி, இரண்டாம் வகுப்பு. அந்தப் பிள்ளை என்றால் அவனுக்கு உயிர். அவனுக்கு இருந்த ஒரே கோபம் பெரிய வீட்டின்மேல்தான். இன்ஜினைப் பூங்காவில் வைத்த அன்று கடப்பாரையோடு வந்துவிட்டான். "நைனா ரத்தம் பட்ட பெல்ட்டு யக்கா இது. இதுக்கு மாலை போட்றானுங்க பாரு!" மீனம்பாள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பீப்பாய் சமாச்சாரத்தை அன்றும் அவனிடம் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு பெண் இன்ஜினுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்திருந்தாள். மீனம்பாள் துடைப்பத்தை ஓங்கிவிட்டாள்.

"யாருடி நீ? இன்னாத்துக்கு உள்ள கைய வுட்டு நோண்டற?"

"அக்கா, அக்கா, அடிச்சிடாதீங்க! விளையாட்டுக்கா!"

பாண்டிச்சேரியில் இருந்து வண்டியில் வந்த பெண், பெயர் கலைவாணி. டிபன் டப்பா அளவுக்கு ஒரு இரும்பு டப்பாவைக் காந்தம் போட்டு இன்ஜினின் அடித்தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள். உலகம் முழுக்க இந்த விளையாட்டு ஆடுகிறார்களாம். ஜியோகேச்சிங் என்று பெயராம். ஒருவர் ஒளித்து வைப்பது, இடத்தைப் போனில் குறித்துப் போடுவது, வேறு ஊர்க்காரர்கள் அந்தக் குறியைப் பார்த்துத் தேடி வந்து கண்டுபிடிப்பது. உள்ளே ஒரு குட்டி நோட்டு. கண்டுபிடித்தவர் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். கூடவே சாவிக்கொத்து, கோலிக்குண்டு, பிளாஸ்டிக் யானை என்று சில்லறைச் சாமான்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும்.

"பரிசு இன்னா?"

"பரிசெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. கண்டுபிடிச்சோம்னு பேரு எழுதறதுதான்."

"பைத்தியக்கார வெளையாட்டா இருக்குது."

"ஆமாக்கா. ஆனா வெளிய யாருக்கும் சொல்லிடாதீங்க. சொல்லாம இருக்கறதுதான் இந்த விளையாட்டே."

மீனம்பாள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒன்பதாவதுவரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் பக்கத்தில் 'மீனம்பாள், த/பெ ஆதிமூலம்' என்று எழுதினாள். எழுதிவிட்டு மேலே இருந்த பித்தளைத் தகட்டைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேலே பெரிய வீட்டுப் பெயர், கீழே அவள் அப்பா பெயர். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். சென்னைப் பையன்கள், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கோட்டைக்கு ஏதோ உலகப் பட்டம் கிடைத்த பிறகு மராட்டிக்காரர்கள். போனைப் பார்த்துக்கொண்டே மேடையைச் சுற்றுவார்கள். மீனம்பாள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள். ரொம்பவும் திணறினால் முகவாயால் இன்ஜினைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

வினை எங்கே வந்தது என்றால், பந்து உருண்டு இன்ஜினுக்கு அடியில் போனதில் வந்தது. எடுக்கப் போன பிள்ளைகள் டப்பாவைப் பார்த்துவிட்டன. எல்லாம் அவள் தெருப் பிள்ளைகள். எனக்கு யானை, எனக்குக் கோலி என்று ஒரே அடிதடி. மீனம்பாள் நாலு பேர் முதுகில் சாத்தி வரிசையில் உட்கார வைத்தாள். ஒழுங்கு வேண்டும் அல்லவா? சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அவளே நோட்டில் எழுதினாள். சாமான் கைக்குப் போனதும், ரேஷன் கடையில் சரக்குக் கொடுத்துவிட்டுப் போடுவார்களே, அதுபோல ஒரு டிக். சாமான் தீர்ந்துபோனால் அடுத்த வெளியூர்க்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் சொன்னால் டப்பா காணாமல் போய்விடும் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். மொத்தம் முப்பத்தோரு பெயர். முப்பதுக்கு டிக் விழுந்துவிட்டது. கடைசிப் பெயர் கலைச்செல்வி. தன் தம்பி மகளுக்கு முதலில் கொடுத்தால் நாலு பேர் நாலு பேச்சுப் பேசுவார்கள் என்று கடைசியில் வைத்தாள். அவள் முறை வந்தபோது டப்பா காலி. மூன்று வாரமாக அந்தப் பிள்ளை, "அத்தே, யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த மூன்று வாரத்தில்தான் போனில் அந்தக் குரல் சுற்ற ஆரம்பித்தது. யாரோ ஒரு பொம்பளை அழுதுகொண்டே பேசுகிறாள். வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது, பொம்மையும் சாக்லேட்டும் காட்டிப் பிள்ளைகளைத் தூக்குகிறார்கள், பெயரை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். யார் பேசியது, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. டீக்கடையில் அதே பேச்சு, ஆட்டோவில் அதே பேச்சு. இளையபெருமாள் ஆட்டோவில் ஒரு இரும்புக் குழாயை வைத்துக்கொண்டு ஓட்டினான். மீனம்பாளும் அந்தக் குரலைக் கேட்டாள். "பாடையில போறவனுங்க, கையில மாட்னா தோல உரிச்சிடணும்" என்றாள். தன் சிவப்புப் பேனா அவளுக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

தை மாதம், ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வெள்ளைத் தொப்பியும் கேன்வாஸ் ஷூவும் போட்ட ஒரு பெரியவர் பூங்காவுக்குள் வந்தார். எழுபது வயது இருக்கும். காலையில் கோட்டை ஏறியிருப்பார் போல, முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது, முழங்காலுக்குப் பட்டி போட்டிருந்தார். மீனம்பாளைப் பார்த்துக் கைகூப்பினார். போனில் பச்சைப் புள்ளியைக் காட்டி அவர் பாஷையில் ஏதோ கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே முகவாயால் இன்ஜினைக் காட்டினாள். அப்புறம் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு பூங்காவின் பின்பக்கம் போய்விட்டாள்.

பெரியவர் டப்பாவை எடுத்துத் திறந்தார். பின்னால் சீருடையில் கலைச்செல்வி வந்து நின்றாள். அவருக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. அவர் பையில் இருந்து ஒரு மரப் பொம்மையை எடுத்தார், சிவப்புப் புடவை கட்டிய பொம்மை. டப்பாவில் வைக்க வந்தவர், பிள்ளை கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு அதன் கையிலேயே கொடுத்தார். பிள்ளை கையைப் பிடித்து இன்ஜினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, போனைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்தார்.

மகளைக் கூட்டிப்போக இளையபெருமாள் உள்ளே நுழைந்தது அந்த நேரத்தில்.

"டேய்!"

அந்தச் சத்தத்திலேயே நாலு பேர் திரும்பினார்கள். ஓடி வந்த வேகத்தில் விட்ட குத்தில் பெரியவரின் கண்ணாடி நொறுங்கிக் கண்ணுக்குள் போனது. அவர் "பாக்ஸ், பாக்ஸ்" என்று டப்பாவைக் காட்டினார். இளையபெருமாள் மகளைப் பிடித்து உலுக்கினான். "யாரு இவன்? இன்னா குடுத்தான்? எங்க கூப்டான், சொல்லு!" பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அம்மா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறதே! பொம்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பியது. அது போதாதா? பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஆள் ஓடி வந்தது. பத்து இருபது ஆனது, இருபது நாற்பது ஆனது. ஒருவன் வயிற்றில் மிதித்தான். ஒருவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து மேடை விளிம்பில் மோதினான். ஒருவன் செருப்பால் வாயிலேயே அடித்தான். அடிக்காதவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

சத்தம் கேட்டு மீனம்பாள் குப்பை வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் முன்வரிசைக்கு வந்தபோது, செல்போன் கடை பிரசாந்த் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்.

"டேய், நம்ம தெருப் புள்ளைங்க பேரு இருக்குதுடா! தேதி போட்டு வச்சிக்கிறான்டா! எல்லாத்துக்கும் டிக்கு அடிச்சிக்கிறான்! ஒண்ணே ஒண்ணுக்குத்தான் டிக்கு இல்ல. கலைச்செல்வி! இளையபெருமாளு, ஒம் பொண்ணு பேருடா!"

இளையபெருமாள் முகத்தில் மனுஷக்களையே இல்லை. அவன் அக்கா தூக்கி வளர்த்த முகம் அது.

மீனம்பாள் நோட்டைப் பார்த்தாள். என் எழுத்து, என் பேனா, நான் போட்ட டிக். இதைச் சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தாள். நாற்பது பேர். எல்லார் கண்ணிலும் வெறி. சொன்னால், நீயும் அவனும் கூட்டா என்று கேட்பார்கள். பிள்ளைப் பெயரை எழுதிக் கொடுத்தவள் இவள்தான் என்பார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊரையே துடைப்பத்தால் ஓட்டியவள், பதினாலு வயதுப் பெண்ணாக ஆமணக்குச் செடிக்குப் பின்னால் நின்றாள்.

ஒரு மிதி. இரண்டு குத்து. மறுபடி ஒரு மிதி, விலாவில், எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பெரியவர் கத்துவதை நிறுத்திவிட்டார். ஒரு கல் விழுந்தது. இளையபெருமாள் கையில் எதுவும் அகப்படாமல் சுற்றும் முற்றும் பார்த்தான். இரும்புக் குழாய் ஆட்டோவில் இருந்தது. இன்ஜின் சக்கரத்தில் இருந்து பெல்ட்டை உருவினான்.

ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றாவது அடியில் அவள் அலறினாள். "அடிக்காதீங்கடா! அது என் எழுத்துடா! நான் எழுதனதுடா!"

யார் காதில் விழும்? தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவன் அவளைத் தள்ளிவிட்டான். விழுந்த இடத்தில் சுவர் ஆணி. ஆணியில் இன்ஜின் ஹாண்டில். அதை உருவினாள். நாலாவது அடிக்கு ஓங்கிய தம்பியின் வலது கையில், முழங்கைக்குக் கீழே, முழு பலத்தோடு இறக்கினாள். கை தொங்கிவிட்டது. பெல்ட் கீழே விழுந்தது. "யக்கா!" என்றான், சின்னப் பிள்ளையில் கூப்பிடுவானே, அதே மாதிரி.

அப்புறம் அவள் நிற்கவில்லை. கல் வைத்திருந்தவன் தோளில் ஒன்று, செருப்புக்காரன் முட்டியில் ஒன்று. பெரியவர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். யாரோ ஒருவன் காலால் உதைத்தது வாயில் விழுந்து முன்பல் இரண்டு போனது. இரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து, பிரசாந்த் கையில் இருந்த நோட்டைப் பிடுங்கினாள். இடுப்பில் செருகியிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். நோட்டுக்குப் பக்கத்திலேயே மேடைச் சிமெண்டில் கலைச்செல்வி என்று எழுதினாள்.

"பாருங்கடா! ரெண்டும் ஒரே எழுத்தா இல்லியா பாருங்கடா! வெளயாட்டுக்கு எழுதனன்டா! யானை பொம்ம குடுக்க எழுதனன்டா! உங்கூட்டுப் புள்ளைங்கள போய்க் கேளுங்கடா, பாவிங்களா!"

பிரசாந்த் குனிந்து பார்த்தான். கலைச்செல்வி அழுதுகொண்டே, "அத்ததான் எழுதுனாங்க" என்றாள். ஒருவன் போனைப் பையில் போட்டான். ஒருவன் மணிக்கூண்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தான். ஐந்து நிமிஷத்தில் பூங்காவில் கூட்டம் இருந்ததற்கு அடையாளம் செருப்புகள்தான். பெரியவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் உதடு இன்னமும் பாக்ஸ், பாக்ஸ் என்று அசைந்துகொண்டிருந்தது.

அவர் பிழைத்தார். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்தார். நாலு விலா எலும்பு முறிந்திருந்தது, இடது கண் போயே போய்விட்டது. புனேயில் இருந்து வந்த மகன் மீனம்பாளைப் பார்த்துக் கும்பிட்டான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள்தான் காப்பாற்றினாள் என்று யாரோ மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தார்கள்.

போலீஸ் கேட்டபோது மறைக்கவில்லை. பதினோரு பேர் பெயரைச் சொன்னாள். முதல் பெயர் இளையபெருமாள். "நீ வந்தப்புறம் எத்தனை அடி விழுந்துச்சும்மா?" என்று அதிகாரி கேட்டார். "எட்டு" என்றாள். யோசிக்கவே இல்லை. அன்றிரவே, தம்பி வீட்டுக்குப் பின்னால் அவள் தங்கியிருந்த ஓட்டுக் கொட்டகையில் கல் விழுந்தது. தெருக் குழாயில் அவள் குடத்தை உதைத்துத் தள்ளினார்கள். தம்பி பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றினாள். "ஒரே வயித்துல பொறந்தவன கையையும் ஒடச்சி ஜெயிலுக்கும் அனுப்பிட்டியேடி! நீ நல்லா இருப்பியா?" மீனம்பாள் கையை ஓங்கவில்லை. நின்று கேட்டுக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து விழுப்புரம் சிறையில் மனு போட்டுத் தம்பியைப் பார்க்கப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். வலது கையில் மாவுக்கட்டு. இளைத்திருந்தான்.

"சாப்டியாடா?"

"ம்."

"நீ அங்க எப்ப யக்கா வந்த?" என்று கேட்டான்.

"பிரசாந்து நோட்டப் படிக்கறப்ப."

அவன் தலையைக் குனிந்து எதையோ கணக்குப் போடுவதுபோல் நின்றான்.

"அப்பவே சொல்லியிருந்தா நான் பெல்ட்ட தொட்டிருப்பனா யக்கா? அந்தாளு மூஞ்சில ஒரு குத்து வுட்டதோட போயிருக்கும். நீ ஏன் யக்கா பாத்துக்கினே நின்ன?"

முப்பத்து மூன்று வருஷமாக அவள் இந்தக் கேள்விக்குத்தான் பயந்தாள். அப்பா கேட்பார், கேட்பார் என்று அந்தப் பத்து மாதமும் அவர் பாயைச் சுற்றி வந்தாள். அவர் கேட்கவே இல்லை. தம்பி கேட்டுவிட்டான்.

"டேய்" என்றாள். பல் போன இடத்தில் காற்று வந்தது. "அன்னிக்கிப் பீப்பாய்க்குத் தண்ணி ஊத்தாதது நைனா இல்லடா. நான். அப்பவும் பாத்துக்கினே நின்னன்."

அவன் அவளையே பார்த்தான். கோபப்படுவான், அழுவான், காறித் துப்புவான் என்று அவள் நினைத்தாள். ஒன்றும் செய்யவில்லை. உள்ளே இருந்து காவலர் நேரமாயிற்று என்றார். இளையபெருமாள் திரும்பி இரண்டு அடி வைத்தான், நின்றான்.

"பாப்பாவ இனிமே நீ கூட்டிக்கினு போவாத யக்கா. அவ அம்மாகிட்டயே இருக்கட்டும்."

"சரிடா" என்றாள் மீனம்பாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பூங்காவைத் திறந்தாள். சிமெண்டில் எழுதிய சிவப்பு எழுத்து இன்னும் போகவில்லை. இன்ஜினுக்கு முன்னால் போய்த் துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து ஓங்கினாள். கை இறங்கவில்லை. பெல்ட்டைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தது, சக்கரம் வெறுமனே நின்றது. பக்கத்தில் பீப்பாய் அடித்தூசியோடு காலியாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.